காதில் விழாத சாவு

எங்கள் வீட்டில் சோறு போட்டது ஒரு தாழி. கழுத்து வரை மண்ணில் புதைத்த பெரிய மண் தாழி. அவுரிக் கட்டியைக் கரைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் போட்டுப் புளிக்க வைத்து, அதில்தான் என் புருஷன் நூலுக்கு நீலம் ஏற்றுவார். நூல் என்னுடையது. விடிந்ததிலிருந்து ராட்டை சுற்றுவேன். தாழியின் நாற்றம் தெருமுனை வரை அடிக்கும். வைத்திக்குப்பத்திலிருந்து வருகிற மீன்காரியே மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க ஊட்டு நாத்தத்துக்கு என் கருவாடே தேவலாம்" என்பாள்.

பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போன பிறகு பஞ்சாலையில் ஆள் குறைத்தபோது, சாயப் பிரிவில் இருந்த என் புருஷனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் தாழிதான் கதி. என் தாலியில் கோத்திருந்த குண்டுமணித் தங்கம் கூட அவுரிக் கட்டியாக மாறி அதற்குள் போயிருந்தது. கைக்குழந்தைக்கு என்னிடம் பால் இல்லை. மூத்தவள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சட்டியை வழித்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. குளிர் பட்டால் தாழி புளிக்காது. புளிக்காத தாழிச் சாயம் நூலில் ஒட்டாது, அழுகிப் போகும், அவ்வளவு அவுரியும் சாக்கடைக்குத்தான். என் புருஷன் தாழியைச் சுற்றி உமி நெருப்புப் போட்டு, எங்களிடம் இருந்த ஒரே கம்பளியையும் அதற்கே போர்த்திவிட்டார். "பிள்ளைங்க நடுங்குதுங்களே, அதுக்கா கம்பளி?" என்று கத்தினேன். "அது போச்சுன்னா பிள்ளைங்களும் போச்சு" என்றார். பிள்ளைகள் இரண்டையும் என் முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

ஒரு வழியாகத் தாழி எழும்பியது. மேலே நீல நுரை கட்டி, அடியில் தண்ணீர் பச்சையாகத் தெளிந்தது. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தார். நெசவுக்காரர் கேட்ட நூலைப் பொங்கலுக்குள் முடித்துவிடலாம். அதுவரை காலையும் மாலையும் ஒரு வேளை தவறாமல் தாழிக்குத் தீனி போட்டுக் கலக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "மச்சான்! மச்சான்!" என்று குரல். அரியாங்குப்பத்துச் சித்தப்பாவின் மருமகன்.

தகப்பனில்லாத என் புருஷனைத் தூக்கி வளர்த்தவர் அந்தச் சித்தப்பா. மாசக் கணக்கில் படுக்கையில் இருந்தார். அடித்துக் கொட்டுகிற மழையில் ஆற்றைத் தாண்டி ஆள் வருகிறதென்றால் வேறு என்ன சேதியாக இருக்கும்? என் புருஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

பங்காளி சாவு என்றால் பதினாறாம் நாள் காரியம் வரை தீட்டு. தீட்டுக்காரன் கை பட்டால் தாழி அழுகிவிடும் என்பது அவர்கள் குடும்பத்தில் கல்லில் வெட்டின மாதிரி. அவருக்கு வந்த தீட்டு எனக்கும்தான். அடுத்தவர் கையில் தாழியை விடுகிற வழக்கமும் இல்லை. ஆனால் தீட்டு எப்போது பிடிக்கும்? சேதி காதில் விழுந்தால்தான்.

"காதுல உழுந்தாத்தான தீட்டு? உழ வேணாம். கதவ சாத்து" என்றார்.

"தாழிய ஏமாத்தறதா?"

"இது ஏமாத்தறது இல்ல. எனக்குத் தெரியாது, அவ்ளோதான்."

கொட்டை நீக்கின பஞ்சைப் பிய்த்து என் காதில் அவரே அடைத்தார். தன் காதிலும் அடைத்துக்கொண்டு தாழிப் பக்கம் போனார். நான் ராட்டையைக் கடகடவென்று சுற்றினேன். கதவைத் தட்டுகிற அதிர்வு தரையில் தெரிந்தது. மூத்தவள் எழுந்து போகப் பார்த்தாள், பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். மறுநாளும் அந்த மருமகன் வந்தார். மறுநாளும் அதே கூத்து. பிறகு வரவில்லை. தப்பு என்று யாராவது சொல்வதானால், அன்றைக்கு என் அடுப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தாழி பிழைத்தது. பச்சையாக மேலே வந்து காற்றுப் பட்டதும் நீலமாக மாறுகிற நூலை, சிடுக்கெடுத்து உலர்த்தினேன். பிள்ளைகள் சோறு தின்றார்கள். என் புருஷன் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. "பொங்கல் கழியட்டும், நானே போயி கேட்டுக்கறேன்" என்று தாமாகவே சொல்லிக்கொள்வார்.

பொங்கலுக்கு முன்னாலேயே, அரியாங்குப்பத்திலிருந்து சுண்ணாம்பு கொண்டுவருகிற கிழவி கூடையை இறக்கினாள். சுண்ணாம்பை அளந்துகொண்டே, "உங்க சித்தப்பன் காரியம் முடிஞ்சி மாசமாவப் போவுது. நீ ஏம்பா வரல?" என்றாள்.

அவர், "ஆள் வந்துது. நாங்க... வூட்ல இல்ல" என்றார்.

"அது சாவு சொல்ல வந்த ஆள் இல்லப்பா. உன்னக் கூட்டியாரச் சொல்லி அவரேதான் அனுப்பினாரு. பையனப் பாக்கணும், பையனப் பாக்கணும்னு ஒரே பொலம்பல். ரெண்டு தபா வந்தும் கதவு தொறக்கலியாம். அப்புறமும் நாலு நாள் உசுரோட கெடந்தாரு. உசுரோட கூப்ட்டப்ப வராதவனுக்குச் சாவு எதுக்குச் சொல்லணும்னு உட்டுட்டாங்க."

ஐயோ, அந்தக் கிழவிக்கு ஒரு பாவமும் தெரியாது. சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு வெற்றிலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கிணற்றடிக்குப் போனார். நாள் கடந்து கேட்ட சாவுக்குப் பதினாறு நாளெல்லாம் கிடையாது. ஒரு தலைமுழுக்கு, அதோடு சரி. வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்று நான்தான் கயிற்றைப் பிடுங்கினேன். துவட்டக்கூடச் செய்யாமல் நின்றார்.

பொழுது சாய்ந்துவிட்டது. தாழியைக் கலக்குகிற வேளை. தீட்டுத்தான் கழிந்துவிட்டதே, கலக்காமல் எப்படி விடுவது? ஈர வேட்டியோடு உட்கார்ந்து கழியை உள்ளே விட்டார்.

"அழுவுறதுக்குக்கூட ஒரு நாள் இல்லாம பண்ணிக்கினேனே" என்றார்.

நான் அடுத்த நூல் கட்டை நனைத்து எடுத்துக்கொடுத்தேன்.