ஏழாவது எண்

இது நடந்தது. யாரோ சொல்லி நான் எழுதவில்லை, என் இரண்டு காதாலும் நானே கேட்டேன். பேய், பிசாசு என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பாட்டுப் பெட்டி பழுது பார்க்கிறவனுக்கு எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஸ்குரு தளர்ந்திருக்கும், ரப்பர் இறுகியிருக்கும், ஊசி தேய்ந்திருக்கும். அன்று சாயங்காலம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் சிஹாபுதீன். மலாக்கா டவுனில் சின்னதாக ஒரு கடை. ஊர்க்காரர்கள் என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

1943 ஆகஸ்டு 12, வியாழக்கிழமை. காஜா பேராங்கில், கம்போங் செட்டியைத் தாண்டி ஒரு பலகை வீடு. அதில் பாக்கியலட்சுமி குடியிருந்தாள். அவள் புருஷன் தியாகுவை ஐந்து மாதத்துக்கு முன் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்றே மாதம் என்றார்கள். ஒரு கடுதாசிகூட வரவில்லை. இப்போது அவள் தம்பி கருணாகரன், அக்கா புருஷனைத் தேடிக் கூட்டிவருகிறேன் என்று தானாகவே பெயர் கொடுத்துவிட்டான். மறுநாள் காலை லாரி. அவள் அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். பையன் மசியவில்லை.

என்னைக் கூப்பிட்டது அவள் வீட்டு கிராமபோனுக்காக. 1938இல் ஒரு பொருட்காட்சியில், குரலைப் பதிந்து கொடுக்கும் கடையில், தியாகு ஓர் அலுமினியத் தட்டில் பேசிக் கொண்டுவந்திருந்தான். மூன்று நாளாக அந்தத் தட்டு கரகரக்கிறதாம்.

“கரகரப்புக்குள்ள அவரு வேற என்னமோ சொல்றாரு நானா. தம்பி போறதுக்குள்ள அது எனக்குக் கேக்கணும்.”

பாவம், கவலை முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அலுமினியத் தட்டுக்கு முள்தான் போடவேண்டும், இரும்பு ஊசி உழுதுவிடும். இரும்பைப் போட்டாயா என்று அதட்டினேன். அவள் எலுமிச்சை முள்ளை எடுத்துக் காட்டினாள். என்னைவிட நன்றாகவே சீவியிருந்தாள்.

5.50க்குத் தட்டை ஓடவிட்டேன். “பாக்கியம், நான்தான். நல்லா கேக்குதா? கடைக்காரன் ஒரு நிமிசம்தான் குடுத்திருக்கான்...” அதோடு சரி. பிறகு வெறும் கர்ர்ர்... கர்ர்ர்...

வேறு தட்டு போட்டேன். சுத்தமாகப் பாடியது. அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை, தட்டில். வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

அப்போதே பெட்டியை மூடிவிட்டு வந்திருக்கவேண்டும். ஆனால் ஒரு சத்தத்திடம் தோற்றுப்போக எனக்கு மனமில்லை. முள்ளைப் பிடித்திருக்கும் சவுண்டு பாக்ஸைக் கழற்றினேன். மைக்காத் தகட்டைப் பிடிக்கும் ரப்பர் வளையம் கொஞ்சம் காய்ந்திருந்தது. சைக்கிள் வால்வு ரப்பரை அறுத்து மாற்றினேன். 6.32க்கு வேலை முடிந்தது.

ஆறரை என்றதும் இருட்டை நினைக்கவேண்டாம். அப்போது எங்களுக்கு டோக்கியோ நேரம். கடிகாரம் ஒன்றரை மணி முன்னால் ஓடியது. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கருணாகரன் ஜன்னலோரம் நின்றான்.

6.39. முள்ளை வைத்தேன்.

தியாகுவின் பேச்சு தெளிவாக வந்தது. அது முடிந்த இடத்தில் கரகரப்பு இல்லை. ஆனால் அமைதியும் இல்லை. அந்தக் கரகரப்பு தனித்தனியாகப் பிரிந்து வந்தது... மழை. சகதியில் நடக்கும் கால்கள். ஓர் இருமல்.

6.40.

“இச்சி,” என்றது ஒரு குரல்.

“நீ.” இது வேறு ஆள்.

“சான்... சீ... கோ...”

ஜப்பானிய எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ரேஷனோ, காலை உடற்பயிற்சியோ, வரிசையில் நின்றால் எண் சொல்லவேண்டும். முன்னால் நிற்பவன் ஆறு என்றால் அடுத்தவன் யோசிக்காமல் ஏழு என்று கத்தவேண்டும். தாமதித்தால் அறை விழும். நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் இந்தத் தட்டு 1938இல் பதிந்தது. அன்றைக்கு மலாக்காவில் யார் இப்படி எண்ணினார்கள்?

“ரொக்கு.” ஆறு.

அது தியாகுவின் குரல். பாக்கியம் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு வரவில்லை.

யாரோ ஒருவன் உறுமினான். பளார்... பளார்...

மறுபடியும் முதலிலிருந்து. ஆறு வரை. நின்றது. அடி.

ஒரு நிமிடத் தட்டு. எப்போதோ முடிந்திருக்கவேண்டும்.

முள்ளைத் தூக்கினேன்.

முள் என் கையில், காற்றில் இருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

“இச்சி... நீ... சான்...”

என் நாக்கு துறுதுறுத்தது. பல்லால் கடித்துக்கொண்டேன்.

“சீ... கோ... ரொக்கு...”

“சிச்சி.” ஏழு.

ஜன்னலோரத்திலிருந்து.

கருணாகரன்.

“ஹாச்சி,” என்றது பெட்டி. எட்டு.

அத்துடன் ஓய்ந்தது.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். “நான் சொல்லலக்கா... வாயி தானா சொல்லிருச்சி,” என்றான்.

பாக்கியம் கதவைத் தாழிட்டாள். “நீ போவல,” என்றாள். அவன் தலையாட்டினான்.

அன்றிரவே அவனை என் கடை மாடியில் ஒளித்துவைத்தேன். ஒரு பையன் தப்பித்தான் என்று சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் மறுநாளே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தினமும் சரியாக 6.40க்கு எழுந்து விறைப்பாக உட்காருவான். உதடு ஒருமுறை அசையும். சத்தம் வராது. ஆகஸ்டு 21, ஒன்பதாம் நாள் காலை, இறந்துபோனான். எரிக்கும்போது நானும் கூட நின்றேன்.

அந்த ரப்பரை மாற்றாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

தியாகு செத்திருப்பான் என்றே நாங்கள் எல்லாரும் முடிவுகட்டியிருந்தோம். 1946 பிப்ரவரியில் அவன் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக, உயிரோடு. நான் பார்க்கப் போனபோது, கருணா எங்கே, இன்னும் வரவில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பாக்கியம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவனே சொன்னான். முகாமில் ஆளுக்கு ஓர் எண். இவனுக்கு ஆறு. 1943 ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம், ஏழாம் எண்காரன் காலரா கண்டு வரிசைக்கு வராமல் காட்டிலேயே விழுந்துவிட்டான். எண்ணிக்கை குறைந்ததென்று எல்லாருக்கும் அடி. மூன்றாம் முறை எண்ணும்போது, பக்கத்துக் காலி இடத்திலிருந்து பதில் வந்தது.

“எம் மச்சான் கொரலு எனக்குத் தெரியாதா? திரும்பிப் பாத்தா ஆளில்ல. ஆனா அதுக்கப்புறம் தெனமும் சொன்னான். சண்ட முடியிற வரைக்கும் ஒரு நாள் தவறல. அவனாலதான் நாங்க அடி வாங்காம பொழச்சோம்.”

கருணா சயாமுக்கு வரவே இல்லை, அந்த மாதமே மலாக்காவில் இறந்துவிட்டான் என்று நான்தான் சொன்னேன்.

தியாகு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“எங்கள ஊருக்கு அனுப்புன அன்னிக்கு யாரும் எண்ணல நானா. அப்படியே லாரியில ஏறிட்டோம். அவன வாடான்னு நான் கூப்பிடல... அவன் இன்னும் அங்கதான் நிக்கிறான்.”