டவுட்டுக் காசு

ஜெயவேலுக்குச் செம்பு புதிதல்ல. திருவொற்றியூரில் ஹைரோட்டை விட்டு உள்ளே திரும்பும் சந்தில், எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக் கட்டும் கடை அவருடையது. மணலிக் கம்பெனி பம்பு, காசிமேட்டு ஐஸ் மெஷின், வீட்டுத் தண்ணி மோட்டார் என்று எது புகைந்தாலும் அவரிடம்தான் வரும். விடிந்தால் அடைந்தால் செம்புக் கம்பியோடுதான் குடித்தனம். அந்தத் தெம்பில்தான் பழைய செப்புக் காசு வாங்கும் வேலையிலும் இறங்கினார். செம்பு தெரிந்தவனுக்குச் செப்புக் காசு தெரியாதா என்று ஒரு கணக்கு. இந்த மாதிரிக் கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர், அவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

ஆரம்பித்து வைத்தது ஒரு பழைய பம்பு. பிரித்துப் பார்த்தால் அடியில் வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனிக் காசு ஒன்று. ஆட்டம் நிற்பதற்காக எவனோ முட்டுக் கொடுத்திருக்கிறான். இரண்டு சிங்கங்கள் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ராயபுரத்தில் பிளாட்பாரக் கடை போடும் ரஹீம் பாயிடம் போய் நின்றார். பழைய பூட்டு, உடைந்த ரேடியோ, பித்தளைக் குழாய் இவற்றுக்கு நடுவில் ரஹீம் ஒரு தட்டு நிறையக் காசு வைத்திருப்பார். கடற்கரையில் மணல் அரிக்கிறவர்கள் கொண்டுவருவது பாதி, காயலான் கடைகளில் பொறுக்கியது மீதி. அன்றிலிருந்து ஞாயிறு என்றால் ஜெயவேலுக்கு அந்தத் தட்டுதான். போகப் போகக் காசுக்காகப் போகிறாரா ரஹீமுக்காகப் போகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. கொரோனா சமயத்தில் மோட்டார் கடை மூடிக் கிடந்தபோது, கேட்காமலே அரிசி மூட்டையைத் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போன மனுஷன் ரஹீம்.

காசு பார்ப்பதில் ஜெயவேலின் பெரிய நம்பிக்கை பச்சை. செம்பில் ஏறும் களிம்பு திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகப் படிந்திருந்தால், காசு நூறு வருஷமாவது மண்ணுக்குள் கிடந்தது என்று அடித்துச் சொல்வார். புளி போட்டுத் தேய்க்கப் போன மனைவி செங்கொடியைக் கத்தி விரட்டியிருக்கிறார். வாங்கிய காசுகளை ஜன்னல் கட்டையில் துணி விரித்துப் பரப்பி வைப்பார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல். காற்று திரும்பினால் மணலி ஆலைப் புகை.

பொங்கல் முடிந்த கையோடு ஒருநாள், அந்தத் துணியிலிருந்து நடுவில் ஓட்டை உள்ள காசு ஒன்றை எடுத்தார். யுத்த காலத்து ஓட்டைக் காலணா என்று நினைத்துக்கொண்டார்.

"செங்கொடி, இங்க வா. இந்தப் பச்சையப் பாரு. எத்தினி வருஷம் பூமிக்குள்ள தூங்கிகினு இருந்தா இப்டி ஏறும்!"

செங்கொடி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது காசு இல்லய்யா. தீபாவளிக்குப் புச்சா வாங்கியாந்தியே செம்பு வாஷரு, அதுல ஒண்ணு. நீதான் இங்க வச்ச."

ஜெயவேல் கட்டை விரலால் தேய்த்தார். எழுத்தும் இல்லை, ராஜாவும் இல்லை. வாஷரேதான். செங்கொடி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஜெயவேலுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஒரு வாஷர் இப்படிப் பச்சை பிடிக்குமென்றால், இந்தக் காசுகள் எப்போது பிடித்தன? மற்ற சோதனைகளை எல்லாம் செய்து பார்த்தார். பழைய காசு அடித்துச் செய்தது, போலி ஊற்றிச் செய்தது. ஊற்றியதில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், முகத்தில் ஊசி குத்தியதுபோல் பொடிப் பொடிப் பள்ளம் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பாதிக் காசில் பள்ளம் இருந்தது. ஆனால் உப்புத் தண்ணியில் கிடந்தாலும் செம்பு அப்படித்தான் அரிக்கும், அது மோட்டார்காரருக்குத் தெரியும். எடை சரியாக இருந்த காசில் கோடு இருந்தது. கோடு இல்லாத காசு தரையில் போட்டால் தகரம்போல் சத்தம் போட்டது. ராஜராஜன் காசு என்று அவர் கொண்டாடிய ஒன்றில், நின்றுகொண்டிருந்த மனிதன் இப்போது பார்த்தால் மனிதனாகவே தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன ஞாபகம் வந்தது. ஒருமுறை ரஹீமின் சாக்குக்குப் பின்னால் ஒரு வாளியில் காசுகள் ஊறிக்கொண்டிருந்தன. மண் போகக் கழுவுகிறார் என்று அப்போது நினைத்தார். அது கடல் தண்ணியாக இருந்தால்? இத்தனை காலமும் ரஹீம் தன்னை ஏமாற்றினாரா? காசு எல்லாம் போனால் போகட்டும், தோஸ்து போய்விடுவாரே என்பதுதான் கவலை.

ஞாயிற்றுக்கிழமை போனார். வாஷரைத் தட்டில் வைத்தார்.

"பாய், இது இன்னா சொல்லு."

"வாஷரு," என்றார் ரஹீம், பார்த்த மாத்திரத்தில்.

"அது மேல பச்ச கீதே?"

"இந்த ஊர்ல பச்ச ஏறாத பொருளு எது கீது மாமு? என் வூட்டுத் தண்ணிக் கொயாவே பச்சதான்."

"வாளில ஊறப் போட்டிருந்தியே ஒருவாட்டி?"

"சோப்புத் தண்ணி. மீன் கவுச்சி. கலீஜா நாறுச்சி." ரஹீம் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாத்துக்குக் கேக்குற?"

"நீ குட்த்த காசுல எது ஒரிஜினல்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்கு இன்னா தெரியும்? எல்லாம் உன்னப் பாத்துக் கத்துகினதுதான்."

ஜெயவேலுக்கு உயிர் வந்தது. ஏமாற்றவில்லை, பாவி மனுஷன் ஏமாற்றவில்லை! அந்தச் சந்தோஷத்தில் டீ சொல்லப் போனவரைப் பிடித்து உட்கார வைத்தார் ரஹீம். சாக்குக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். முக்கால் டப்பாவுக்குச் செப்புக் காசு.

"உனக்குச் சொல்லல, கோச்சிக்காத. புடிக்காத காசப் பாத்தா 'சூப்பரா கீது பாய்'ன்னு சொல்லி வச்சிட்டுப் பூடுவ. மனசுக்குப் புடிச்சிதுன்னா மூஞ்சச் சுளிச்சி 'டவுட்டா கீது'ன்னு வெலயக் கொறப்ப. நீ டவுட்டுன்னு சொன்னதுல பாதிய உனக்குக் குட்த்தேன். மீதிய எடுத்து வச்சிட்டேன்."

உண்மைதான். பிளாட்பாரத்தில் காசு வாங்கும் எவனும் அதைத்தான் செய்வான், ஜெயவேலும் செய்தார். ஆனால் நிஜமாகவே சந்தேகம் வந்த காசுக்கும் அவர் அதே வார்த்தையைத்தான் சொன்னார், அதே மாதிரிதான் முகத்தைச் சுளித்தார். இந்த டப்பாவில் எது பேரத்துக்குச் சுளித்தது, எது நிஜமாகவே சுளித்தது? அவருக்கே ஞாபகம் இல்லை.

"நாளைக்கு இத ஏலக்காரன் ஒருத்தன்கிட்ட எடுத்துனு போறேன். வர்ற துட்டுலதான் ஒரு வாடகக் கடைக்கு அட்வான்ஸ். முட்டி தாங்கல மாமு, வெயில்ல இனிமே முடியாது. இந்த எடத்தக் கூடப் பக்கத்துக் கடக்காரனுக்கு வுட்டுக் குட்த்துட்டேன். கடசியா ஒருவாட்டி பாத்துச் சொல்லு."

ஜெயவேல் ஒரு காசை எடுத்தார். விளிம்பை நகத்தால் தடவினார். கோடு இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படியே. பொய் சொல்ல மனசு வரவில்லை, உண்மை என்னவென்றும் தெரியவில்லை.

"பாய், சத்தியமா சொல்றேன். எனக்கு டவுட்டாதான் கீது."

ரஹீமின் முகம் மலர்ந்தது. "என்கிட்டயே வெலயக் கொறைக்கிறியா?" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இல்ல பாய், என் செங்கொடி மேல ஆணையா, எது எதுன்னு எனக்குத் தெரியல. எடுத்துனு போவாத!"

இவ்வளவு பதறி ஜெயவேல் பேரம் பேசி ரஹீம் பார்த்ததே இல்லை. டப்பாவை இறுக்கி மூடி மடியில் வைத்துக்கொண்டு, போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"கவலப்படாத. ஜெயவேலு பாத்துட்டாரு. எல்லாமே டவுட்டாம்."