பூட்டிக் கிடந்த கழிப்பறை

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ரப்பர் பட்டறையில் நான் டைப்பிஸ்ட். அங்கே நான் ஒருத்திதான் பெண் என்பதால், விருந்தாளி வந்தால் காபி போடுவதும் என் தலையில்தான் விழும். டைப் அடிக்கத்தானே சம்பளம் என்று முணுமுணுத்துக்கொண்டே போடுவேன்.

ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு, எஞ்சினில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் செய்துதர அப்போது முயன்றுகொண்டிருந்தோம். நகரத்திலிருந்த ஓர் அரசு ஆய்வுக்கூடம் எங்களுக்குக் கைகொடுத்தது. ரப்பரில் என்ன கலப்பது என்று அவர்கள் சொல்வார்கள். நாங்கள் செய்து அனுப்பினால் சூட்டில் வைத்துச் சோதிப்பார்கள். அங்கே எல்லாம் பாஸ். ஆவடிக்குப் போனால் பாதி விரிசல்! இன்னொரு முறை விரிசல் விட்டால் ஆர்டர் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டர் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காரணம் எங்கள் முதலாளி. நல்ல வளையமாகப் பொறுக்கி, துடைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல் பவுடர் பூசித்தான் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். விரிசல் விட்டதை அனுப்புங்கள் என்று அங்கிருந்த விஞ்ஞானி கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் பதில் போகும்.

"கவர்மென்ட் ஆளும்மா. கழிசலைக் காட்டினா ரிப்போர்ட்ல எழுதிடுவாரு. அப்புறம் நம்மள எவன் சீண்டுவான்?" என்பார் முதலாளி.

ஒருநாள் விஞ்ஞானி நேரிலேயே வருகிறார் என்று தெரிந்தது. பட்டறை கல்யாண வீடாகிவிட்டது. ஆவடியிலிருந்து திரும்பி வந்த விரிசல் விட்ட வளையங்களை எங்கே ஒளிப்பது? பூட்டு இருந்த ஒரே அறை கழிப்பறைதான். கூடை கூடையாக உள்ளே கொட்டிப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அன்று காலையிலிருந்து நான் பட்ட அவஸ்தையை யாரிடம் சொல்வது?

விஞ்ஞானி ஒல்லியான, கூச்ச சுபாவக்காரர். வெயிலில் பஸ் பிடித்து வந்தவர், கொடுத்த மோரையெல்லாம் குடித்தார். என் காபியையும் குடித்தார். கொஞ்ச நேரத்தில் முதலாளியிடம் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார்.

"அது ரிப்பேருங்க சார்" என்றார் முதலாளி.

ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ் ஓட்டுகிறவர், யாரும் கேட்காமலே, "உள்ள பாம்பு கீது சார்!" என்றார்.

விஞ்ஞானிக்கு முகம் வியர்த்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். முதலாளியோ, "இன்னும் கொஞ்சம் மோர் சாப்பிடுங்க சார்" என்கிறார்! எனக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று சாவியை விஞ்ஞானி கையில் கொடுத்துவிட்டேன்.

கதவைத் திறந்ததுதான் தாமதம், வளையங்கள் சரிந்து அவர் செருப்பை மூடின. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். விஞ்ஞானியோ வந்த காரியத்தை மறந்து அங்கேயே குந்திவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதைத்தானே சார் கேட்டுக்கிட்டே இருந்தேன்! பாருங்க, எல்லாம் ஒரே பக்கமா விரிசல் விட்டிருக்கு!" என்றார்.

"சார், வந்த வேலைய மொதல்ல முட்சிக்கினு வா சார். அப்பால பாக்கலாம்" என்றார் பிரஸ்காரர்.

திரும்பி வந்தவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். ஆய்வுக்கூடத்துச் சூட்டடுப்பின் கதவு சரியாக மூடுவதில்லையாம்; கயிறு கட்டித்தான் சோதனை நடக்கிறதாம். "உங்ககிட்ட சொன்னா எங்க மானம் போயிடுமேன்னு..." என்று இழுத்தார். முதலாளி முதன்முறையாக அன்று வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. எங்கள் அச்சில் ஒரு பக்கம் சூடு ஏறவில்லை என்பதை இருவருமாகக் கண்டுபிடித்தார்கள். எங்கள் ஆட்கள் போய் அடுப்புக் கதவைச் சரிசெய்தார்கள். அடுத்து ஆவடிக்குப் போன வளையங்கள் தேறின, பட்டறையும் பிழைத்தது.

தொழிலும் ஆராய்ச்சியும் கைகோக்க வேண்டும் என்று யாராவது மேடையில் முழங்கினால், இன்றும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கையை அப்புறம் கோக்கலாம், முதலில் கழிப்பறைச் சாவியைக் கொடுங்கள் என்று சொல்லத் தோன்றும்.