பங்குனியில் எடுக்காத அளவு

என் அய்யா கூத்தையா 2009 மார்ச் இருபத்தாறாம் தேதி, பகல் ஒன்றரை மணிக்கு மேல், உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒன்பதாம் நம்பர் கேபிள் கல்லில் உட்கார்ந்தபடி இறந்தார். அதற்கு முன் வீட்டுப் போனிலிருந்து பதினோரு முறை அழைத்திருக்கிறார். நான்கு முறை ராமநாதபுரத்திலுள்ள கேபிள் அலுவலகத்துக்கு, ஏழு முறை எனக்கு. ஒன்றுகூடப் போகவில்லை. சென்னையில் என் கைபேசி மேசைமேல்தான் கிடந்தது.

அந்தப் போனை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவள் நான். அழைப்புகள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அய்யா விவசாயக் கூலி. 1993இல் ராமேசுவரம் சாலையோரம் கண்ணாடி இழைக் கேபிளுக்குக் குழி வெட்ட ஆள் எடுத்தார்கள். ஐந்தரை அடி ஆழம். உப்பு மண் என்பதால் வெட்ட வெட்டச் சரியும். வேலை முடிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டு அவரை மட்டும் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். தினமும் ஒன்பது கிலோமீட்டர் நடப்பார். கேபிள் போகும் தடத்தைக் காட்ட நட்ட ஒவ்வொரு கல்லையும் கம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். யாராவது மண்வெட்டியோடு நின்றால் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். அவர்கள் கிளம்பும்வரை எழுந்திருக்க மாட்டார். பதினாறு வருடத்தில் அவர் பாதையில் கேபிள் ஒருமுறைகூட அறுபடவில்லை.

தான் காவல் காத்ததை அவர் ஒரே ஒருமுறைதான் கண்ணால் பார்த்தார். இணைப்புப் போட வந்தவர்கள் வெட்டி எறிந்த துண்டு இழை. முடி கனம்கூட இல்லை. அதைத் தீப்பெட்டியில் வைத்திருந்தார். இரண்டு முறை விரலில் குத்தியிருக்கிறது.

நான் படித்து, வீடுகளுக்குப் போனும் இன்டர்நெட்டும் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். 2007இல் எங்கள் ஊர்ப் பக்கம் இணைப்புக் கொடுப்பதற்கான ஆய்வை என்னிடம் கொடுத்தார்கள். வழி இரண்டு. சாலையிலிருந்து ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் தோண்டிக் கண்ணாடி இழையைக் கொண்டுவரலாம். அல்லது சாலையோரம் ஒரு டவர் வைத்து, வீட்டு மாடிகளில் ஆன்டெனாவும் உள்ளே போனுக்கு ஒரு பெட்டியும் மாட்டலாம். இழைதான் வேண்டும் என்றார் அய்யா. அவர் வேலை அது, அதனால் சொல்கிறார் என்று நினைத்தேன். டவர் போதும் என்றேன்.

“உன் டவருக்கும் ஒரு காலு என் குழிக்குள்ளதான் தாயி இருக்கு” என்று சிரித்தார்.

உண்மைதான். டவருக்கு வந்து சேர்வதும் அவர் காத்த கேபிள்தான். ஆனால் டவரிலிருந்து வீடுவரை காற்று. அந்தக் காற்றில் சிக்னல் எவ்வளவு வருகிறது என்று ஆடி மாதம் இரண்டு நாள் எங்கள் மாடியில் நின்று அளந்தேன். அளவுகள் நன்றாக இருந்தன. கருவியை மூடும்போது அய்யா சொன்னார்:

“ஆடிக் காத்துல அளந்திருக்க. பங்குனியில வந்து அள. கடலு அசையாமக் கெடந்தா அந்தக் கரை இங்கன வந்து ஒக்காந்துக்கிரும். சிலோன் ரேடியோ காதுக்குள்ள பேசும்.”

அவர் சொன்னது பாடத்தில் உண்டு. காற்றில்லாத நாளில் கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும். அதற்கிடையில் ரேடியோ அலைகள் குழாய்க்குள் போவதுபோல் வெகுதூரம் போகும். தேர்வில் எழுதியிருக்கிறேன். பங்குனிக்கு எட்டு மாதம் இருந்தது, அறிக்கைக்குப் பத்து நாள். கையெழுத்துப் போட்டேன்.

அய்யா இறந்த அன்று நடந்ததை மூன்று பேர் சொல்லக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். அய்யா கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆடு மேய்க்கும் பிச்சையம்மாள் வந்து, ஒன்பதாம் கல் பக்கத்தில் மண் அள்ளும் எந்திரம் இறங்குகிறது என்றிருக்கிறார். அய்யா போனை எடுத்தார். பெட்டியில நாலு கோடும் நிக்குது, மறுபக்கம் ஆள் இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். இது அம்மா சொன்னது. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு வெயிலில் ஓடினார்.

எந்திரம் ஓட்டிய இருளாண்டி கருமாதிக்கு வந்திருந்தார். தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டியிருக்கிறார்கள். கல் புதருக்குள் இருந்ததால் கண்ணில் படவில்லை. என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

“குழிக்குள்ளயே எறங்கி நின்னுட்டாரும்மா. மூச்சு வாங்குது. நிறுத்துய்யா, எம்மக பேசுறது இதுக்குள்ளதான் போகுதுன்னாரு. நிறுத்திட்டேன். அந்தக் கல்லுலயே ஒக்காந்து தண்ணி கேட்டாரு. கொண்டாரதுக்குள்ள…”

கேபிளுக்கு இன்னும் ஓரடி இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாளும் பங்குனிதான். காற்று இல்லை. மாடிக்கு ஏறிக் கருவியை ஆன்டெனாவில் மாட்டினேன். கீழே அம்மா ராக்குவைப் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அம்மாவுக்கு எண் தெரியாது. கடைசியாக அழைத்த எண்ணுக்கே மறுபடி போகும் பொத்தானைக் காட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கச் சொன்னேன். அய்யா என்னை அழைத்த பிறகு யாரும் அந்தப் போனைத் தொடவில்லை.

பன்னிரண்டரைக்கு நான்கு கோடுகளும் நின்றன. கருவி டவரின் அடையாள எண்ணைக் காட்டியது. நம் டவர் இல்லை. அக்கரையுடையது. அங்கிருந்து வருவது நமக்குக் கேட்கும். நாம் பேசுவதை அது ஏற்காது. எங்கள் பெட்டி பக்கத்திலிருந்த டவரை விட்டுவிட்டு, கடலுக்கு அப்பால் பதில் சொல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“போகல தாயி” என்று கீழிருந்து அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நேரத்தைக் குறித்தேன். ஆடியில் குறித்த அதே நோட்டு, அடுத்த பக்கம்.

மூன்று மணிக்குத் தென்னை ஓலை அசைந்தது. கடற்காற்று. நான்கு கோடு இரண்டானது. அடையாள எண் மாறியது. நம் டவர்.

என் கைபேசி அடித்தது. திரையில் ‘அய்யா’ என்று வந்தது. வீட்டு எண்ணை அந்தப் பெயரில்தான் வைத்திருந்தேன்.

அடித்துக்கொண்டே இருந்தது. கீழே அம்மா ரிசீவரைக் காதோடு பிடித்திருந்தார்.

“போகுது தாயி” என்றார். “எடு.”