சாராயக்கடை பனியன்

தறிக்காரனுக்குச் சடுகுடு எதற்கு என்று கேட்கிற மகராசர்கள் உண்டு. நாள் பூராவும் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும். அறுபதுகளில் அருப்புக்கோட்டையில் நாங்கள் ஒரு சடுகுடுக் குழு வைத்திருந்தோம். தலைவர் கோட்டைச்சாமி. பாடி வருகிறவன் காலைப் பிடித்து மடக்குவது என் வேலை. எல்லாரும் நெசவாளிகள், ஒருவரைத் தவிர. அவர் வீரசோழன் ஊர்க்காரர் நெய்னா முகம்மது. அவரை நாங்கள் கூலி கொடுத்துக் கூட்டிவந்தோம்.

பாடிப் போனால் அந்த மனுஷனுக்கு மூச்சு முடியவே முடியாது. எதிராளிகள் சலித்துப்போய்ப் பிடியை விட்ட கதையெல்லாம் உண்டு. நிலம் நீச்சு எதுவும் கிடையாது. தை பிறந்ததிலிருந்து ஊர் ஊராகத் திருவிழாவில் ஆடித்தான் மனைவி மைமூனுக்கும் மூன்று பெண்களுக்கும் உலை வைத்தார். ஆட்டம் நின்றால் அடுப்பும் நிற்கும், அவ்வளவுதான்.

எழுபத்தொன்றில் அரசாங்கம் மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக்கடையைத் திறந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கடையை ஏலம் எடுத்தவர் பூமிநாதன், திருச்சுழிப் பக்கம் விவசாயம் பார்த்த சம்சாரி. கையில் காசு புரண்டதும் ஆளுக்கு ஓர் ஆசை வருமே, அவருக்கு எங்கள் குழுமேல் வந்தது. பஸ் செலவு, சாப்பாடு, நெய்னாவின் கூலி எல்லாம் தன் பொறுப்பு என்றார். பதிலுக்கு ஒன்றே ஒன்று. அதுவரை வெற்று மேலோடு ஆடிய நாங்கள் இனிப் பனியன் போட வேண்டும். அதன் நெஞ்சில் 'பூமிநாதன் சாராயக்கடை' என்று இருக்க வேண்டும்.

அச்சுப் போடுகிறவனுக்கு எதற்குத் தண்டம், நம்மிடம் சாயம் இல்லையா என்று கோட்டைச்சாமி, சேலை நூலுக்குப் போடுகிற அரக்குச் சாயத்தையே காய்ச்சி எழுதிவிட்டார். தறிக்காரன் புத்தி வேறு எங்கே போகும்!

மறு தையில் திருச்சுழியில் பொங்கல் ஆட்டம். பனியனைக் கையில் வாங்கிப் பார்த்த நெய்னா, "முதலாளி, நான் எப்பவும் போல வெறும் மேலோட ஆடிக்கிறேனே" என்றார்.

"அது எப்படி பாய்? வர்ற சனம் பூராம் உங்களைத்தான பாக்கும். உங்க நெஞ்சுல இல்லாம இவங்க நெஞ்சுல இருந்து எனக்கு என்ன பிரயோசனம்?" என்றார் பூமிநாதன். எங்களுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னது நிஜம்தானே.

கோட்டைச்சாமி ஒரு வழி சொன்னார். "பாய், உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போட்டுக்கங்க. சோலி முடிஞ்சது." நெய்னாவும் பாவம், தலையாட்டிவிட்டுத் திருப்பிப் போட்டார். சேலைச் சாயமல்லவா, துணியை ஊடுருவி மறுபக்கமும் பளிச்சென்று நின்றது. சாராயக்கடை கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பித் தெரிந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் பனியனைக் கழற்றி மடித்துக் கோட்டைச்சாமி கையில் கொடுத்தார்.

கோட்டைச்சாமிக்கு எரிச்சல். "ஏன் பாய், நீங்க என்ன அஞ்சு வேளையும் தொழுகுற ஆளா? ஆட்டமுன்னா வெள்ளிக்கிழமைகூட பள்ளிவாசப் பக்கம் போறதில்லையே."

"தொழுகாதது என் குத்தம்தான் சாமி. அதுக்கு நான் அல்லாகிட்ட பதில் சொல்லிக்கிருவேன். அதோட இதையும் சேத்துக்கச் சொல்றீகளா?"

"குடிச்சுட்டு வர்ற எங்க கையைக் கோத்துக்கிட்டு ஆடுறீக. அது மட்டும் ஆகுமா?"

"உங்க குடி உங்களோட. எங்க மார்க்கத்துல குடிக்கிறவனுக்கு மட்டும் பாவம் இல்ல சாமி. விக்கிறவன், சுமக்குறவன் எல்லாத்துக்கும் உண்டு. நீங்க கடையவே என் நெஞ்சுல ஏத்தி ஊர் ஊராச் சுமக்கச் சொல்றீக."

பூமிநாதன் கெட்டவர் இல்லை. கத்தவில்லை. "நீங்க சொல்றது வெளங்குது பாய். நான் வேற ஆளு பாத்துக்கிறேன்" என்றார். நெய்னா அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் தோற்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஜெயித்துத் தொலைத்தோம்.

வேறு குழுவுக்குப் போகலாமே என்பீர்கள். எங்கே போவது? அந்த நாளில் குழு வைத்து நடத்தத் தெம்பு இருந்தவர்களெல்லாம் சாராயக்கடைக்காரர்கள். நெய்னா வீரசோழன் சந்தையில் வத்தல் மூட்டை தூக்கினார். ஒருமுறை பார்க்கப் போனேன். "இவுக செஞ்சது சரியின்னும் சொல்ல முடியல, தப்புன்னும் சொல்ல முடியல தம்பி. உலையில போட அரிசிதான் இல்ல" என்றார் மைமூன். ஜமாத்திலாவது யாரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்களா? தொடை தெரியக் கால்சட்டை போட்டு ஆடினவனுக்கு மார்க்கம் ஒரு கேடா என்று கேட்டார்களாம். அடப் போங்கய்யா!

எழுபத்து நாலில் அதே அரசாங்கம் கடையை மூடியது. பூமிநாதன் பருத்தி யாவாரத்துக்குப் போய்விட்டார். பனியனும் போயிற்று. கோட்டைச்சாமியே வீரசோழனுக்குப் போய் நெய்னாவைக் கூட்டிவந்தார். அடுத்த தையில், அதே திருச்சுழியில், வெற்று மேலோடு நெய்னா கோட்டில் வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாடிக்கொண்டு உள்ளே போனார். நான்கு எட்டு வைத்திருப்பார், மூச்சு அறுந்துவிட்டது. மூன்று வருஷ மூட்டை என்ன சும்மாவா விடும்! பொடிப்பயல் ஒருவன் அலுங்காமல் அமுக்கிப் போட்டான். எழுந்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மேல் மண்ணைத் தட்டினார்.

அப்போது பார்த்து மைக்கில் ஒருவன், "முட்டி வலி காரணமாக மூன்று வருடம் ஆட்டத்தை விட்டிருந்த நெய்னா பாய் அவர்கள்..." என்று ஆரம்பித்தான். சனம் உச்சுக் கொட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்க எழுந்தேன். நெய்னா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"விடு கேசவா. பனியனுன்னா எவனுக்கு வெளங்கும்? முட்டியின்னா எல்லாத்துக்கும் வெளங்கும்."

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும் முன்னே வீரசோழன் பஸ்ஸுக்கு நடந்தார்.