புளித்துப்போன தொட்டி

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். நாலு பேர் கூடினால் ஓரமாக நிற்பவன். கிருமிகளைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாராய ஆலையில் கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆலை நிற்கும் இடம் எங்கள் வீட்டார் குத்தகைக்கு உழுத நிலம். நிலத்துக்காக நடந்த சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, சாகுபடி உரிமையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு வீட்டுக்கு ஒரு வேலை தந்தார்கள். ஆட்சிகள் மாறின, அப்பா வைத்த கைநாட்டு மாறவில்லை. இந்த வேலையும் போனால் எங்களுக்கு ஒன்றுமில்லை.

ஆலையிலிருந்து வரும் கழிவு பழுப்பாக, புளிப்பேறி இருக்கும். பயிரில் பட்டால் கருக்கிவிடும். அதைக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டால், சாணத்திலிருந்து வந்த கிருமிகள் தின்று புளிப்பை எடுத்துவிடும். ஆனால் அளவாகத்தான் தீனி போட வேண்டும். என் மச்சான், அக்கா வீட்டுக்காரர், பார்க்கும்போதெல்லாம், "மாப்ள, உன் மாடு இன்னைக்குத் தீனி எடுத்துச்சா?" என்று கேலி செய்வார்.

ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்கு ஓய்வு. தொட்டிக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, மூன்று நாள் கழிவு விடாமல் நிறுத்தினோம். கிருமிக்கு ஏது பூஜை? நாலாம் நாள், ஆலைக் கழிவு வந்து சேரும் குழியில் தேங்கியிருந்ததையும் புதிதாக வந்ததையும் சேர்த்து ஒரேயடியாக விடச் சொன்னார் மேலாளர். பட்டினி கிடந்த வயிற்றுக்கு விருந்து ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வால்வைத் திறந்தேன்.

இரண்டு நாளில் தொட்டியே புளித்துவிட்டது. கிருமிகள் செத்துக்கொண்டிருந்தன. குழியோ நிரம்பி வழியும் நிலை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கழிவைப் பின்பக்க வாய்க்காலில் திறந்துவிடும்படி மேலாளர் காலையிலேயே சாவியை என் கையில் வைத்தார். வெளியே தெரிந்தால் உன் வேலை போகும் என்றும் சொன்னார்.

ஒரு மணிக்கு மச்சான் ஆலை கேட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய இரண்டாம் போகத் தாளடி நாற்றங்கால் அந்த வாய்க்காலில்தான் பாய்கிறது.

"இன்னைக்குத் தண்ணிக்கு என் முறை. மூணு மணிக்கு மடையைத் தெறக்கணும். தண்ணி எப்படி இருக்கு?"

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தெறக்காதீங்க மச்சான்."

"முறையை விட்டா எட்டு நாளாகும். நாத்து காஞ்சிரும்."

"காஞ்சாலும் பொழைச்சுக்கும். இது பட்டா பொழைக்காது."

அவர் ஆலைக் குழாயைப் பார்த்தார்.

"எனக்கப்புறம் கீழ நாலு பேரு முறை வருது. அவங்களுக்கு யார் சொல்றது?"

சொன்னவன் யாரென்று தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குத் திறந்துவிட்டேன்.

மறுநாள் புதுக் கிருமிக்காக இரண்டு டிராக்டர் சாணம் வந்தது. கரைத்துத் தொட்டியில் விட்டேன். மூன்றாம் நாள், கீழே நாலு பேர் நாற்றங்காலிலும் நாற்று நுனி கருகியிருப்பதாக ஆலை கேட்டில் பேசிக்கொண்டார்கள்.