கேமராவை மட்டும் மாற்றாதே

மனைவி காலமான பிறகு அணுபுரம் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன். வெளிநாட்டில் படிக்கும் மகளுக்குக் காது கேட்காது. ஞாயிறுதோறும் கம்ப்யூட்டர் கேமரா முன் கைச்சைகையில்தான் பேசுவோம்.

மென்பொருளெல்லாம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன். அப்படி ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு ஞாயிறு கேமரா வேலை செய்யவில்லை. "அப்பா, உங்க கை தெரியல" என்று டைப் செய்தாள்.

பக்கத்து வீட்டு நண்பர் வந்து கேமராவுக்கான மென்பொருளின் பழைய பதிப்பையே திரும்பப் போட்டார். "இத்த மட்டும் ஹோல்டுல போட்டுக்கீறேன் சார். மத்ததெல்லாம் மாறிக்கினு போவட்டும், இது மாறாது" என்றார்.

இருந்தாலும், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் கேமராவைப் போட்டுப் பார்க்கிறேன். திரையில் தெரியும் என்னிடமே "சாப்பிட்டியா?" என்று கைகளால் கேட்டுக்கொள்கிறேன்.